பாதி வயலில் எரியும் மஞ்சள் விளக்கு: டிராக்டருக்கு வரும் 'டிபிஎஃப்' வடிகட்டியா, வம்பா?

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. டிராக்டரின் மீட்டர் போர்டு. அதில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒரு விளக்கு. கூடவே அப்பாவின் வாய்ஸ் நோட்: "தம்பி, இது என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. வண்டி இழுக்க மாட்டேங்குது. ரோட்டவேட்டர் பாதி வயல்ல நிக்குது." ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, மேசைக்கு அடியில் போனை வைத்து கூகுள் செய்யும் மகனுக்கோ மகளுக்கோ கிடைக்கும் பதில் மூன்றே எழுத்து: டிபிஎஃப்.

நம்ம ஊரில் இது இன்னும் பரவலாக நடக்கும் காட்சி இல்லை. ஆனால் அமெரிக்காவில் சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் 2013-க்குப் பிறகு இதோடுதான் வாழ்கிறார்கள். ஐரோப்பாவில் 2019 முதல். இந்தியாவில் டிராக்டர்களுக்கான 'ட்ரெம் 5' புகை விதி அமலாகும்போது, 25 எச்பி-க்கு மேலே உள்ள புது டிராக்டர்களுக்கு இந்த வடிகட்டி கிட்டத்தட்ட கட்டாயம் ஆகிவிடும். டிராக்டர் இஎம்ஐ-யில் பாதியை நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கட்டும் வீடுகள் ஏராளம். அந்த வகையில் இது அப்பாவின் பிரச்சினை மட்டும் இல்லை.

டிபிஎஃப் என்றால் 'டீசல் பர்டிகுலேட் ஃபில்டர்'. டீசல் என்ஜின் விடும் கரும்புகையில் இருக்கும் நுண்துகள்களைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. சைலன்சர் இருக்கும் இடத்தில் ஒரு தடிமனான டப்பா போல உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது பீங்கான் வகைப் பொருளால் ஆன தேன்கூடு. நூற்றுக்கணக்கான நீளமான குட்டிக் குழாய்கள். ஒரு குழாய் முன்னால் திறந்து பின்னால் அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய் முன்னால் அடைத்து பின்னால் திறந்திருக்கும். புகை உள்ளே போனால் நேராக வெளியே வர வழி கிடையாது. சுவரின் நுண்துளை வழியாகப் பக்கத்துக் குழாய்க்குக் கசிந்துதான் வெளியேற வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரில் ஒட்டிக்கொள்ளும். துகள்களில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிச் சிக்கிவிடும். டீ வடிகட்டி மாதிரிதான்.

டீ வடிகட்டியைத் தட்டிக் கொட்டலாம். இதைத் தட்ட முடியாது. அதனால் பிடித்த கரியை உள்ளேயே எரித்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் 'ரீஜெனரேஷன்', சுருக்கமாக ரீஜென். டிபிஎஃப் பற்றிய நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது.

சூடு இருந்தால் பிரச்சினை இல்லை

வண்டி நன்றாக லோடில் ஓடும்போது சைலன்சர் சூடு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் 'டிஓசி' என்ற வினையூக்கி, புகையிலிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை மாற்றிக் கொடுக்கும். அந்த வாயு கரியை மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். ஓட்டுநருக்கு இது நடப்பதே தெரியாது.

சூடு போதவில்லை என்றால் கரி சேரும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். அளவு தாண்டினால் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தும். அது டிஓசி-யில் எரிந்து, சூட்டை 600 டிகிரி வரை ஏற்றி, கரியைச் சாம்பலாக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். அதுவும் முடியாமல் போனால், "வண்டியை நிறுத்து, கியரை நியூட்ரலில் போடு, பிரேக்கைப் போடு, பட்டனை அழுத்து" என்று விளக்கு எரியும். இது 'பார்க்டு ரீஜென்'. சுமார் 15 முதல் 30 நிமிடம் வண்டி தானாக உறுமிக்கொண்டு நிற்கும். இதையும் உதாசீனப்படுத்தினால் என்ஜின் பவரைக் குறைத்துவிடும். அதற்கும் மேலே போனால் டீலரின் லேப்டாப் வந்தால்தான் ஆச்சு. கடைசிக் கட்டம், வடிகட்டியையே மாற்றுவது. அமெரிக்காவில் அதன் விலை சில ஆயிரம் டாலர்.

டீசல் எஸ்யூவி வைத்திருக்கும் நகரவாசிகளுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து டீசல் கார்களில் டிபிஎஃப் உண்டு. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர், அதில் பாதி டிராஃபிக் என்று ஓட்டுபவர்களுக்கு விளக்கு எரியும். "ஒருநாள் பைபாஸ்ல நல்லா விரட்டிட்டு வாங்க சார்" என்று சர்வீஸ் சென்டரில் அனுப்பிவைப்பார்கள். டிராக்டருக்கு அதே கதைதான், ஆனால் டிராக்டரை எந்த பைபாஸில் விரட்டுவது?

அமெரிக்காவில் சிறிய டிராக்டர்கள் சிக்கலில் மாட்டியது இந்த இடத்தில்தான். அங்கே 30, 35 எச்பி டிராக்டர் வாங்குபவர்களில் பலர் முழுநேர விவசாயிகள் இல்லை. அரை மணி நேரம் புல் வெட்டுவது, குளிர்காலத்தில் வாசலில் பனி ஒதுக்குவது, லோடரில் நாலு கூடை எரு அள்ளிப் போடுவது என்று துண்டு துண்டான வேலை. என்ஜின் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். அதோடு, 'ஆர்பிஎம் குறைச்சு ஓட்டினா என்ஜினுக்கு நல்லது, டீசலும் மிச்சம்' என்ற பழைய பழக்கம். டிபிஎஃப் வண்டிக்கு அது நேர் எதிர். குறைந்த லோடில், குறைந்த வேகத்தில், ஐடிலில் நிற்கும் என்ஜின்தான் அதிகக் கரியைச் சேர்க்கிறது. அங்கிருந்து வந்த அனுபவம் மொத்தத்தையும் ஒரே வரியில் சொன்னால், நாள் முழுக்க வயலில் உழைக்கும் டிராக்டரில் டிபிஎஃப் பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை; சும்மா நிற்கும் டிராக்டரில்தான் தருகிறது.

இதைக் கேட்டால் நம்ம ஊர் டிராக்டர் தப்பித்துவிடும் என்று தோன்றும். பாதி உண்மை. ரோட்டவேட்டர் போட்டு பிடிஓ 540 சுற்றில் ஓடும்போது என்ஜின் அதன் முழு வேகத்துக்குப் பக்கத்தில் உழைக்கிறது. சேற்று உழவும் அப்படித்தான். அந்த நாட்களில் கரி தானாக எரிந்துவிடும். ஆனால் வருஷம் பூராவும் உழவா இருக்கிறது? தண்ணீர் டேங்கரை இழுப்பது, உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வருவது, மருந்து அடிப்பது, லோடு ஏறும் வரை என்ஜினை அணைக்காமல் நிறுத்திவைப்பது என்று பாதி ஆண்டு அரைச் சூட்டில்தான் போகும். பேட்டரி வீக் என்பதால் அணைக்காமலே விட்டு வைக்கும் வண்டிகள் எத்தனை என்பது கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

கரி எரியும், சாம்பல் எரியாது

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ரீஜென் என்பது கரியை மட்டுமே ஒழிக்கும். என்ஜின் ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அது எந்தச் சூட்டிலும் போகாது. வடிகட்டியின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். பல ஆயிரம் மணி நேரத்துக்குப் பிறகு வடிகட்டியைக் கழற்றி, சூளையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்றடித்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். அமெரிக்க விதிப்படி, சுமார் 175 எச்பி-க்குக் கீழே உள்ள என்ஜின்களில் இந்தச் சுத்தம் 3,000 மணி நேரத்துக்கு முன்னால் தேவைப்படும்படி தயாரிப்பாளர் அட்டவணை போடக்கூடாது.

3,000 மணி என்றால் எவ்வளவு காலம்? சொந்த நிலத்துக்கு மட்டும் வருஷம் 300 மணி ஓட்டினால் 10 ஆண்டு. வாடகைக்கு விட்டு வருஷம் 1,000 மணி ஓட்டினால் மூன்றே ஆண்டு. அதாவது, கடனை அடைத்து முடிப்பதற்கு முன்னாலேயே. டிராக்டர் வைத்து வாடகை உழவில் பிழைப்பவருக்குத்தான் முதல் பில் வரும். சொந்தக்காரர் வசதியானவர் என்பதால் அல்ல, வண்டி அதிகம் உழைத்தது என்பதால்.

ஆயில் விஷயம் இங்கேதான் முக்கியமாகிறது. டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவாகத் தரும் ஆயில் வேண்டும். கேனில் ஏபிஐ சிஜே-4 அல்லது சிகே-4 என்று போட்டிருக்கும். சந்தைக்குப் போகும் வழியில் கிடைத்த பழைய ரக ஆயிலை ஊற்றினால் என்ஜின் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. ஆயிரம் மணி நேரம் கழித்து வடிகட்டி சொல்லும்.

ஆயிலில் இன்னொரு வினோதமும் உண்டு. சாதாரணமாக டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்தால்தான் பயப்படுவோம். டிபிஎஃப் வண்டியில் அளவு கூடினாலும் பயப்பட வேண்டும். ரீஜென் செய்ய சிலிண்டருக்குள் தாமதமாகச் செலுத்தும் டீசலில் ஒரு பங்கு, சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்துவிடும். ரீஜெனை அடிக்கடி பாதியில் நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம். ஆயில் நீர்த்துப் போனால் பேரிங் தேயும். 'ஆயில் குறையவே இல்ல, சூப்பர் என்ஜின்' என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் மோந்து பார்ப்பது நல்லது.

எரிபொருளைப் பொறுத்தவரை இந்தியா தயாராகவே இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பங்கில் கிடைப்பது 10 பிபிஎம் கந்தகம் மட்டுமே கொண்ட பிஎஸ்-6 டீசல். அமெரிக்காவின் வரம்பு 15 பிபிஎம். பிரச்சினை பங்கில் இல்லை, கேனில். கேனிலும் பேரலிலும் வாங்கி வைத்து, பிளாஸ்டிக் புனலில் ஊற்றும்போது தூசியும் தண்ணீரும் சேர்ந்து போகிறது. அது இன்ஜெக்டரைக் கெடுக்கும். கெட்ட இன்ஜெக்டர் சொட்டும். சொட்டினால் கரி கூடும். கரி கூடினால் வடிகட்டி அடைக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 'டிபிஎஃப் போச்சு' என்று வரும் வண்டிகளில் பல நேரம் கெட்டுப்போனது டிபிஎஃப் இல்லை. டர்போவில் ஆயில் கசிவு, சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு, பழுதான சூடு சென்சார், எலி கடித்த ஒயர் என்று ஏதோ ஒன்று. வடிகட்டி, புகையின் வழியில் கடைசியில் உட்கார்ந்திருப்பதால் எல்லோருடைய பாவத்தையும் அதுதான் சுமக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால், புதுசும் சில மாதத்தில் அடைக்கும்.

25 எச்பி கோடு

மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். புகை விதிகள் எல்லாமே கிலோவாட் கணக்கில் எழுதப்பட்டவை. முக்கியமான கோடு 19 கிலோவாட், அதாவது சுமார் 25 எச்பி. அதற்குக் கீழே வரம்பு மிகவும் தளர்வு, வடிகட்டி தேவையில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே கோடு. ட்ரெம் 5-லும் அதே.

கோட்டுக்கு மேலே வரம்பு எவ்வளவு இறுகுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 25 முதல் 50 எச்பி வரையிலான என்ஜின்களுக்கு ஒரு கிலோவாட்-மணிக்கு 0.6 கிராம் துகள் என்று இருந்தது, 2008-இல் 0.3 ஆகி, 2013-இல் 0.03 ஆனது. இந்தியாவில் அதே அளவு என்ஜினுக்கு ட்ரெம் 3ஏ விதி 0.6 கிராம், ட்ரெம் 5-இல் 0.015. நாற்பதில் ஒரு பங்கு!

கோடு போட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டம் சேரும். அமெரிக்கச் சந்தையில் 24-சொச்சம் எச்பி டிராக்டர்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் இதுதான். குபோட்டாவின் எல்2501 என்ற மாடல் 24.8 எச்பி, வடிகட்டி இல்லை. அதன் அண்ணன் எல்3301 மாடல் 33 எச்பி, வடிகட்டி உண்டு. எட்டு எச்பி கூட வேண்டுமா, ரீஜென் விளக்கு இல்லாத நிம்மதி வேண்டுமா என்பதுதான் அங்கே பல வாங்குநர்களின் கேள்வியாக இருந்தது. மகிந்திராவே அமெரிக்காவில் வேறொரு ரூட் எடுத்தது. 25 எச்பி-க்கு மேலேயும் டிபிஎஃப் இல்லாமல், டிஓசி மட்டும் வைத்து விதியைத் தாண்டும் என்ஜின்களைக் கொண்டு வந்து, 'எங்க வண்டியில ரீஜென் கிடையாது' என்பதையே விளம்பரமாக்கியது.

அப்படியானால் இந்தியாவிலும் அதே ட்ரிக்கைச் செய்யலாமே? கஷ்டம். அமெரிக்க விதி துகளின் எடையை மட்டும் பார்க்கிறது. ஐரோப்பாவின் 'ஸ்டேஜ் 5' எடையோடு, துகள்களின் எண்ணிக்கையையும் எண்ணுகிறது. ட்ரெம் 5 அந்த ஐரோப்பிய விதியைப் பார்த்து எழுதப்பட்டது. எடையே இல்லாத மிக நுண்ணிய துகள்களை எண்ண ஆரம்பித்தால் வடிகட்டி இல்லாமல் தேறுவது ரொம்பக் கடினம். இந்தியாவில் விற்கும் டிராக்டர்களில் பெரும்பங்கு 30 முதல் 50 எச்பி. ஆக, அடி விழுவது சரியாக நடு சென்டரில்.

அதனால்தான் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. 50 எச்பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கான ட்ரெம் 4 விதி, 2020 அக்டோபரில் வர வேண்டியது, 2023 ஜனவரியில்தான் வந்தது. 2024 ஏப்ரல் என்று இருந்த ட்ரெம் 5, 2026 ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. அதற்கும் மேலே அவகாசம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள்.

தள்ளிப்போட்டால் யாருக்கு லாபம்?

'விவசாயியைக் காப்பாத்தத்தான் தள்ளிப்போடறோம்' என்ற வாதத்தில் ஒரு ஆள் விட்டுப்போகிறார். டிராக்டர் ஓட்டுபவர். நம்ம ஊர் டிராக்டர்களில் கேபின் கிடையாது. சைலன்சர் பெரும்பாலும் பானெட்டின் மேலே நட்டுக்குத்தலாக, ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே. எதிர்க்காற்று அடித்தால் புகை முழுவதும் அவருக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, 2012 ஜூனில் டீசல் புகையை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' முதல் பிரிவில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல். (ஒரே பட்டியல் என்பதால் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆதாரம் உறுதியானது என்று அர்த்தம்.) தினமும் பத்து மணி நேரம் அந்தப் புகைக்கு நேராக உட்கார்ந்திருப்பவருக்கு மாதச் சம்பளமோ மணிக்கூலியோதான், வண்டி அவருடையது இல்லை. விதி பற்றிய பேச்சுவார்த்தையில் அவருக்கு நாற்காலியும் இல்லை.

ஆகவே விதி வேண்டும். நகரத்தில் பிஎஸ்-6, கிராமத்தில் 0.6 கிராம் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் விதியை மட்டும் அனுப்பிவிட்டு, அதோடு வர வேண்டிய மற்றதை அனுப்பாமல் விட்டால் அதுவும் அநியாயம்தான்.

இன்றைக்கு 45 எச்பி டிராக்டர் ரிப்பேர் ஆனால், பக்கத்து ஊர் மெக்கானிக் பைக்கில் ஸ்பேனர் பையோடு வருவார். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். காதால் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். டிபிஎஃப் வந்தால் கூடவே காமன் ரெயில், இசியூ, ஐந்தாறு சென்சார் எல்லாம் வரும். ரீஜெனைக் கட்டாயமாகத் தொடங்கி வைக்க, கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். அது யாரிடம் இருக்கும்? டீலரிடம் மட்டும் என்றால், நடவு நேரத்தில் வண்டி நின்ற விவசாயி 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷோரூமுக்குப் போன் போட்டு, "நாளன்னைக்கு ஆள் வருவார்" என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் முறை வைத்து வரும் வாய்க்காலில் நாளன்னைக்குத் தண்ணீர் இருக்காது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விவசாயக் கருவிகளைச் சொந்தமாகப் பழுது பார்க்கும் உரிமைக்கு முதன்முதலில் சட்டம் போட்டது கொலராடோ மாநிலம். 2023-இல் கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் கையேடு, சாஃப்ட்வேர், கருவிகளை விவசாயிக்கும் தனியார் மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்கிறது அது. 2025 ஜனவரியில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து ஜான் டியர் நிறுவனத்தின் மீது இதே விஷயத்துக்காக வழக்கு போட்டது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது. இந்தியா அந்தப் பத்து வருஷச் சண்டையைத் திரும்பப் போட வேண்டியதில்லை. ட்ரெம் 5 அறிவிக்கையோடு சேர்த்தே, 'ரீஜென் தொடங்கும் வசதியும் ஃபால்ட் கோடு படிக்கும் வசதியும் எந்த மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும்' என்று இரண்டு பத்தி எழுதினால் போதும்.

வாரன்டியும் அதே மாதிரி. அமெரிக்காவில் 25 எச்பி-க்கு மேலே புகைக் கட்டுப்பாட்டு பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 3,000 மணி வாரன்டி சட்டப்படி கட்டாயம். டிபிஎஃப் அதில் அடங்கும். கம்பெனி மனசு வைத்துத் தரும் சலுகை இல்லை அது.

சுத்தம் செய்யும் இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. சூளையும் காற்றடிக்கும் எந்திரமும் ஒவ்வொரு டீலரும் வாங்கிப் போட மாட்டார். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை ஏற்கெனவே டிராக்டர்களை வைத்து, உழவன் செயலி வழியாக இ-வாடகைக்கு விடுகிறது. நாளை அந்த வண்டிகளுக்கே இந்தச் சேவை தேவைப்படும். மாவட்டத்துக்கு ஒரு சுத்திகரிப்பு மையம் அங்கேயே தொடங்கி, தனியாருக்கும் கட்டணத்துக்குத் திறந்துவிடலாம். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திராவின் அனந்தபூர் அருகே கார்லதின்னேயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் இருக்கின்றன. டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தரும் இடங்கள். அந்த அறிக்கையில் இழுவைத் திறன், டீசல் செலவு எல்லாம் வருகிறது. 'லேசான லோடில் எத்தனை மணிக்கு ஒருமுறை ரீஜென் கேட்கிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு டீசல் குடிக்கிறது' என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், ஷோரூமில் சேல்ஸ்மேன் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டிய அவசியம் இருக்காது.

இதெல்லாம் இல்லாமல் விதி மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதை. வடிகட்டியைக் கழற்றி உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்துவிட்டு, இசியூ-வை ரீமேப் செய்து தரும் கடைகள் முளைக்கும். கார்களில் இந்த 'டெலீட்' வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இது கிளீன் ஏர் ஆக்ட்-படி குற்றம். இந்தியாவில், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. வாரன்டியும் அன்றோடு காலி. ஆனால் பாதி வயலில் வண்டி நிற்கும்போது சட்டப்பிரிவு எண்ணைச் சொல்லி யாரையும் தடுத்து நிறுத்த முடியாது. ஒழுங்கான சர்வீஸ் பக்கத்தில் கிடைத்தால் மட்டுமே அந்தக் கடைகளுக்கு வேலை இருக்காது.

அப்பாவுக்கு என்ன பதில் அனுப்புவது?

மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் வண்டியை அணைக்கச் சொல்லாதீர்கள். பலரும் பதறி அதைத்தான் செய்வார்கள். தானாக ரீஜென் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆர்பிஎம்-மைக் கூட்டி, வேலையைத் தொடர்ந்தால் அதுவே முடிந்துவிடும். விளக்கோடு சேர்ந்து பார்க்டு ரீஜென் கேட்டால், அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று நிறுத்தும் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டுவதுதான் கடைசியில் டீலரின் லேப்டாப் வரை கொண்டுபோய் விடும்.

எங்கே நிறுத்துவது என்பது அதைவிட முக்கியம். ரீஜென் நேரத்தில் வடிகட்டிக்கு உள்ளே 600 டிகிரி. வெளியே வரும் காற்றும் சாதாரண நாளைவிடப் பல மடங்கு கொதிக்கும். வைக்கோல் போர், காய்ந்த சோளத்தட்டை, கரும்புச் சோகை, கீற்றுக் கொட்டகை எதற்கும் பக்கத்தில் கூடாது. வெறும் மண் தரையில், திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். குழந்தைகளைத் தூரமாக வைக்க வேண்டும். கொட்டகைக்குள்ளோ மரத்தடியிலோ வேலை செய்யும்போது ரீஜென் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நிறுத்தும் பட்டனே இருக்கிறது. வெளியே வந்ததும் அதை எடுத்துவிட மறக்கக் கூடாது.

வாட்டர் சர்வீஸில் வடிகட்டிக்குள் பிரஷர் பைப்பை விட்டுக் கழுவுவதாகச் சொல்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். பீங்கான் தேன்கூடு விரிசல் விடலாம், மேலே இருக்கும் வினையூக்கிப் பூச்சும் போகும். சாம்பலைக் கம்ப்ரஸரில் வீட்டு வாசலில் ஊதுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள்.

புது வண்டி பார்க்கப் போகிறார்கள் என்றால், ஷோரூமிலிருந்து வீடியோ காலில் நீங்களே நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். டிபிஎஃப்-க்கு வாரன்டி எத்தனை மணி? எழுத்தில் தருவீர்களா? சாம்பல் சுத்தம் எத்தனை மணிக்கு, எந்த ஊரில், எவ்வளவு ரூபாய்? ரீஜென் தொடங்கும் கருவியோடு உங்கள் ஆள் எங்கள் ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? வருஷம் 300 மணி கூட ஓடாத, அதுவும் பாதி டேங்கர் இழுக்கிற வண்டி என்றால், 25 எச்பி-க்குக் கீழே ஒரு மாடலே போதுமா என்பதையும் அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 எச்பி இல்லாமல் ஊரில் மரியாதை இருக்காது என்று அவர் சொன்னால், அந்தப் பேச்சு கொஞ்சம் நீளமாகப் போகும்.